கழுதை கவனம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம்.

தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறுகிற இந்த மன்னார்த் தீவில், நல்ல தண்ணீர்க் கிணறு பதினொன்று கட்டினேன். அதில் ஒன்று, படித்த ஒருவர் கருவி வைத்துப் பார்த்து, இந்த இடத்தில் நல்ல தண்ணீரே வராது என்று சொல்லிவிட்டுப் போன இடம். இன்றைக்கும் அங்கே தேத்தண்ணிக்குத் தண்ணீர் அள்ளுகிறார்கள். மாதா கோயில் மணிக்கூண்டின் மேல் பாதி என்னுடையது. கீழ்ப் பாதியை வேறொரு மேசன் கட்டினார். வெடிப்பெல்லாம் கீழ்ப் பாதியில்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பனைகள் முறிந்து விழுந்த சூறாவளியில் அசையாமல் நின்ற மதில் ஒன்று. என் சொந்த வீடு மூன்று தரம்: ஒரு தரம் கல்யாணத்துக்காக, இரண்டு தரம் நாட்டுச் சண்டையில் இடிந்த பிறகு. பெட்டிக்குள் தூக்குக்குண்டும் சாந்துக் கரண்டியும் இருந்தால் போதும், மனிதன் எங்கே போனாலும் திரும்பி வந்து கட்டுவான் என்று நான் மனைவிக்குச் சொன்னேன், கட்டியும் காட்டினேன்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் கரைவலை இழுக்கப் போயிருந்தேன். ஆகவே உண்மைக் கணக்கு ஒன்றரை வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. கிணற்றைக் காட்டி, இது மேசன் கட்டியது என்று சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத சாமான் ஒன்றே ஒன்று இருக்கிறது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம், இரண்டே இரண்டு சொல் எழுதிய ஒரு பலகை. நான் கட்டியவற்றில் மிகச் சிறியது அது. ஆனால் ஒரு மனுசி தன் காலால் நடந்து கோயிலுக்குப் போவது அந்தப் பலகையால்தான் நடந்தது. அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

சண்டை முடிந்து எங்கள் றோட்டுக்குக் காப்பெற் தார் போட்டார்கள். அதற்கு முன்னர் அது குண்டும் குழியுமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் குழிகளைத் திட்டினோம். காப்பெற் போட்ட பிறகுதான் தெரிந்தது, அந்தக் குழிகள் எங்களை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தன என்று. றோட்டு வழுவழுவென்று ஆனதும் மோட்டார் சைக்கிள்களுக்குச் சிறகு முளைத்துவிட்டது. முருங்கன் பக்கம் இருந்து வருகிறவர்களும் அடம்பன் பக்கம் இருந்து வருகிறவர்களும் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் கால் வைத்தால், யாரோ பின்னால் துரத்துவது மாதிரித்தான் ஓடுவார்கள்.

எங்கள் ஒழுங்கை அந்த றோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு வளைவு. முழங்கை மடக்கிய மாதிரி. முழங்கையின் முனையில் கிளாக்கர் ஐயா வீட்டு மதிலும் கேற்றும். முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மதில் நான் கட்டியது. அதற்கு எதிர்ப்பக்கம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணரின் தேத்தண்ணிக் கடை. நடுவில் கழுதைகள்.

மன்னார்க் கழுதைகளைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவை யாருடையவையும் இல்லை. ஒருகாலம் பாரம் சுமந்தவையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பஸ் நிலையத்தில் நிற்கும், மீன் சந்தைக்குப் போகும், விரும்பினால் ஆஸ்பத்திரி வாசலுக்கும் போகும். விடியற்காலையில் தாருக்கு ஒரு சூடு இருக்கும். அந்தச் சூட்டுக்கு வளைவில் வந்து படுக்கும். துரத்தினால் எழும்பும், ஒரு சுற்றுப் போகும், திரும்பி வந்து அதே இடத்தில், அதே வாட்டத்தில் படுக்கும். அந்த இடத்துக்குக் காணி உறுதி எழுதி வாங்கினதுபோல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒழுங்கைக்காரர் எல்லோரும் கிளாக்கர் ஐயா வீட்டு விறாந்தையில் கூடுவோம். குறை சொல்கிற கூட்டம் அது. ஒருவருக்குக் குப்பைப் பை. வாசலில் வைத்தால் கழுதை கிழித்துவிடுகிறது. ஒருவருக்கு, பூசை நேரத்தில் கோயிலடியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறார்கள். நானாவுக்கு, தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளைக் கடைவாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிடுகிறார்கள். என் மனைவிக்கு, பக்கத்து வீட்டார் உடுப்புத் தோய்த்த தண்ணீரை எங்கள் முருங்கை மரத்தடிக்கு விடுகிறார்கள். பக்கத்து வீட்டாரும் அதே கூட்டத்தில்தான் இருப்பார்கள், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு. கிளாக்கர் ஐயா எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டு எழுதுவார். வளைவும் வேகமும் எப்போதும் முதலாம் இலக்கம்.

அவருடைய ஆயுதம் கடிதம். "மேற்படி" என்ற சொல் ஒரே கடிதத்தில் ஏழு இடத்தில் வரும். றோட்டுக்குப் பொறுப்பான கந்தோருக்கு மாதம் ஒன்று போகும். பதிலும் மரியாதையாக வரும்: "தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது." ஐயா அதைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, மடித்து, பைலுக்குள் வைப்பார்.

ஒரு நாள் நான் எழும்பினேன்.

"ஐயா, ஒரு பை சீமெந்து நான் தாறன். வளைவுக்கு அங்கால ஒண்டு, இஞ்சால ஒண்டு, ரெண்டு திட்டுக் கட்டிவிடுறன். ஒரு விடியக்காலம் வேலை. பறக்கிறவங்கள் எல்லாம் நடப்பாங்கள்."

"மேசன், அது அரசாங்க றோட்டு. கை வைச்சா வழக்கு வரும்."

"வந்தால் நான் போறன்."

"நீர் போவீர். கடிதம் எழுத என்னட்டத்தானே வருவீர்?"

விறாந்தை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை போகவில்லை, அக்காவுக்கு அடிபட்டது.

அக்கா என்று நான் சொல்வது கிளாக்கர் ஐயாவின் மனைவியை. நீரிழிவில், சீனி வருத்தம் என்போம், ஒரு கண்ணில் பார்வை மங்கி, மற்றக் கண்ணில் பாதிதான் தெரியும். ஆனால் காலைப் பூசைக்குத் தனியாகப் போவார். கேற்றைத் திறந்தால் வளைவு, வளைவைக் கடந்தால் நானா கடை, கடையிலிருந்து நூற்றிருபது எட்டில் கோயில் வாசல். எட்டு எண்ணித்தான் நடப்பார். போகிற வழியில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கதைப்பார். எங்கள் ஒழுங்கையில் நடக்கிற செய்தி முழுவதும் அந்த நூற்றிருபது எட்டுக்குள் அவர் கைக்கு வந்துவிடும்.

அன்றைக்கு விடியற்காலை அடம்பனிலிருந்து பால் கொண்டு வருகிற ஒருவர் வேகமாக வந்தார். வளைவில் திரும்பினால் முன்னால் கழுதை. மோட்டார் சைக்கிளை ஒரு பக்கம் வெட்டித் திருப்பினார். வெட்டிய பக்கத்தில் அக்கா. அக்கா ஒரு பக்கம், பால்காரர் ஒரு பக்கம், பால் றோட்டு முழுக்க. கழுதை மட்டும் எழும்பவில்லை.

அக்காவின் இடக்கை மணிக்கட்டு முறிந்தது. பாவம், அந்தப் பால்காரரே முழங்காலில் இரத்தம் வழிய வழிய அழுதுகொண்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டுப் போட்டு வந்த அன்றைக்கே கிளாக்கர் ஐயா கேற்றுக்குப் பூட்டுப் போட்டார்.

"இந்த வளைவு சரியாகும் வரைக்கும் நீர் தனிய வெளிக்கிடப்படாது," என்று அவர் சொன்னது மதிலுக்கு இப்பால் எங்களுக்குக் கேட்டது. "பூசை றேடியோவில போகுது. இருந்து கேளும்."

"அப்ப கடவுளையும் றேடியோவிலதான் கும்பிடுறதோ?"

"ஓம். அவருக்கும் கேக்கும்."

ஐயா கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். நாற்பது வருடம் கூட இருந்த மனுசி றோட்டில் விழுந்து கிடந்ததைக் கண்ட மனிதன். ஆனால் எனக்குத் தெரியும், வளைவு சரியாகும் வரைக்கும் என்றால் அது கந்தோர் வந்து சரியாக்கும் வரைக்கும். அதுவரைக்கும் அக்காவுக்கு வீடும் விறாந்தையும்தான். கொஞ்ச நாளில் அவர் கதைப்பதைக் குறைத்துவிட்டார். காலையில் மதிலுக்குப் பின்னால் நின்று, போகிறவர்களின் செருப்புச் சத்தத்தைக் கேட்டு, இது இன்னார், இது இன்னார் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் என் செருப்புச் சத்தத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

"மேசன் தம்பி!"

"ஓம் அக்கா."

"இந்த மதிலை ஆர் கட்டினது?"

"நான்தான் அக்கா. மறந்துபோனியளோ?"

"நல்லாக் கட்டிப்போட்டீர். ஏறிக் குதிக்க ஏலாமல் கிடக்கு."

சூறாவளிக்கு அசையாத மதில் அதுதான். என் வாழ்க்கையில் முதன்முதலாக, கொஞ்சம் பதிவாக, உயரம் குறைத்துக் கட்டியிருக்கலாமோ என்று நினைத்தேன்.

"அக்கா, பொறுங்கோ, நான் ஒரு வழி செய்யிறன்."

"நீர் செய்வீர். மற்றவை எழுதிக்கொண்டெல்லோ இருக்கினம்."

அந்த ஒரு சொல் எனக்குப் போதும்.

சீமெந்தில் திட்டுக் கட்ட முடியாது, வழக்கு. கழுதையைத் துரத்த முடியாது, அது திரும்பி வரும். பின் என்ன? வருகிறவனுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும், வளைவில் கழுதை கிடக்கிறது என்று. பலகை.

இந்த இடத்தில் என் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மதில் கட்டிக்கொடுக்கிற வீட்டுக்கெல்லாம் கடைசி நாள் ஒரு இனாம் வேலை செய்வேன். கேற்றுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் "நாய் கவனம்" என்று எழுதிக்கொடுப்பேன். நாய் இல்லாத வீட்டுக்கும் எழுதியிருக்கிறேன், கள்ளன் பயப்படட்டும் என்று. என் கையெழுத்தை விட்டால், பார்க்காமல் பிழையில்லாமல் நான் எழுதக்கூடியது அந்த இரண்டு சொல்தான். அதை முதன்முதலில் சீமெந்துப் பைக் கடதாசியில் பெரிதாக எழுதித் தந்தது இதே அக்கா, அவர்களுடைய மதிலைக் கட்டி முடித்தபோது. அப்போது அவர்களிடம் ஒரு நாய் இருந்தது. அந்தக் கடதாசியைப் பார்த்துப் பார்த்து எழுதி எனக்குக் கை பழகிவிட்டது. தீவு முழுக்க எத்தனையோ வாசலில் அந்த எழுத்து நிற்கிறது.

ஆகவே எனக்கு வேலை சுலபம். நாயை எடுத்துவிட்டுக் கழுதையைப் போட்டால் முடிந்தது. "ழு" மட்டும் கொஞ்சம் தகராறு பண்ணியது. சைக்கிள் கடை வாசலில் "பழுது பார்க்கப்படும்" என்று இருந்தது. அங்கே போய் நின்று, விரலால் காற்றில் நாலு தரம் எழுதிப் பார்த்து, அப்படியே கொண்டுவந்து பலகையில் இறக்கினேன். வெள்ளை அடித்த பலகை, இரத்தச் சிவப்பில் எழுத்து. தூரத்தில் நின்று பார்த்தேன். மிக அழகாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இஞ்சேருங்கோ, இதை எங்க அடிக்கப் போறியள்?"

"வளைவில."

"வளைவில எவடத்தில?"

"வளைவு ஆற்ற மதில்ல இருக்கு? கிளாக்கர் ஐயான்ர. அங்கதான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எழுத்தின் அழகில் கண் கலங்கிப் போனாள் என்று நான் நினைத்தேன்.

அது ஒரு சனிக்கிழமை. கிளாக்கர் ஐயா முருங்கனில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். நான் போய், கேற்றுக்குப் பக்கத்தில், பழைய "நாய் கவனம்" அழிந்து கிடந்த அதே இடத்தில், கண்ணுக்கு நேரான உயரத்தில், மட்டம் பார்த்து, நாலு மூலைக்கும் நாலு ஆணி அடித்தேன். வேலை சுத்தம். நானா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர், ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாசித்தார். வாசித்துவிட்டுக் கடைக்குள்ளே போனார். உள்ளேயிருந்து கோப்பை விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் கிளாக்கர் ஐயா பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஓட்டோ நின்றது. நான் ஆரும் பாராட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அங்கேயே நின்றேன்.

ஐயா குடையை மடக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். வாசித்தார்.

"மேசன். உது என்ன?"

"பலகை ஐயா."

"பலகை எண்டு தெரியுது. என்ர மதில்ல என்ன செய்யுது?"

"வளைவு உங்கட மதில்ல வந்து முட்டுது ஐயா. நான் என்ன செய்ய?"

"சரி. இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லும். ஒரு வீட்டு வாசல்ல 'நாய் கவனம்' எண்டு எழுதியிருந்தா என்ன கருத்து?"

"வீட்டுக்குள்ள நாய் நிக்குது, பாத்து வா எண்டு கருத்து."

"அப்ப என்ர வீட்டு வாசல்ல இப்பிடி எழுதியிருந்தா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. அதற்குள் நானா கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார், நிற்க முடியாமல். ஓட்டோக்காரர் ஒருவர் எட்டி மதிலுக்கு மேலால் பார்த்து, "ஐயா, கட்டிப்போட்டோ வளக்கிறியள், அவிட்டு விட்டோ?" என்று கேட்டார்.

ஐயாவின் முகம் என் எழுத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு நான் வரேக்குள்ள இது இதில இருக்கப்படாது. அரசாங்கத்தில 'அவதானம்' எண்டுதான் எழுதிறது, தெரியுமோ? அதுவும் 'தயவுசெய்து' எண்டு ஒரு சொல் முன்னுக்குப் போடவேணும். மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லோ! றோட்டால போற மனுசரை ஏவிறது மாதிரியோ எழுதிறது?"

"ஐயா, பறந்து வாறவன் 'தயவுசெய்து'வை வாசிச்சு முடிக்கேக்குள்ள கழுதைக்கு மேல எல்லோ நிப்பான்?"

அவர் கேற்றைத் திறந்து, உள்ளே போய், பூட்டினார்.

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு கழற்றத்தான் போனேன். அப்போதுதான் நானா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைக் காட்டினார்.

"மேசன், கொஞ்சம் பொறுங்க. றோட்டைப் பாருங்க."

பாலத்துப் பக்கம் இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வழக்கம்போலப் பறந்துதான் வந்தது. வளைவில் சிவப்பு எழுத்தைக் கண்டது. ஓட்டுகிறவர் கழுத்தைத் திருப்பினார், வேகத்தைக் குறைத்தார், இன்னொரு தரம் வாசித்தார். பின்னால் இருந்தவரின் தொடையில் தட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில், படுத்திருந்த கழுதையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்த வான் நின்றே விட்டது.

"காலையில இருந்து நான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார் நானா. "ஒருத்தனும் பறக்கல்ல. வாசிக்காமப் போக ஏலாது போல."

நான் சுத்தியலை இடுப்பில் செருகினேன். வெறுமனே எச்சரிக்கிற பலகையை யாரும் வாசிப்பதில்லை. சிரிக்க வைக்கிற பலகையை வாசித்தே ஆக வேண்டும். இதை நான் தெரிந்து செய்தேன் என்று சொல்ல ஆசைதான். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் செய்தது நான். கிணறு தோண்டும்போதும் தண்ணீர் எந்தப் பக்கம் ஊறும் என்று முழுக்கத் தெரிந்தா தோண்டுகிறோம்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலாம் இலக்கம் என் பலகை. ஐயா எழும்பி நின்று சொன்னார்: "என்ர மானத்தைப் பற்றி நான் கதைக்கேல்லை. இந்த ஒழுங்கையின்ர மானத்தைப் பற்றிக் கதைக்கிறன்." நானா றோட்டில் கண்டதைச் சொன்னார். ஐயா, அது ஒரு நாள் கூத்து, நாளைக்குப் பழகிவிட்டால் பழையபடி பறப்பார்கள் என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பக்கத்து வீட்டாரும் என் மனைவியும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரே பக்கம் நின்றார்கள்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரைத் தடவித் தடவி முற்றத்தால் இறங்கி, கேற்றடிக்குப் போனார். ஐயா பின்னால் ஓடினார். அக்கா வெளியில் போய்ப் பலகையில் கையை வைத்தார். நான் பெயின்றைத் தடிப்பாக அடிப்பவன். விரலுக்கு எழுத்துத் தட்டுப்படும். கழுதையைச் சும்மா தாண்டினார். இரண்டாவது சொல்லில் விரல் நின்றது. "க"வின் வாலைப் பிடித்துக்கொண்டு கீழே போய், அது அடுத்த எழுத்துக்குக் கீழே காலை நீட்டியிருப்பதைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ர 'க' எல்லோ," என்றார்.

"ஓம் அக்கா. நீங்கள் எழுதித் தந்ததுதான்."

"இஞ்சேருங்கோ," என்று ஐயாவைக் கூப்பிட்டார். "இது என்ர எழுத்து. நாளைக்கு விடியப் பூசைக்கு நான் தனியப் போறன். ஒரு வாகனம் பறந்து வந்தாலும் நீங்களே கழட்டி எறியுங்கோ, நான் றேடியோவோட இருக்கிறன். வராட்டி, இது இதிலயே இருக்கட்டும்."

ஐயா என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருடக் கச்சேரி முழுவதும் இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது ஒழுங்கையே வளைவில் நின்றது. பூசைக்குப் போகிறவர்கள், போகாதவர்கள், நானா கடையில் தேத்தண்ணி கேட்காமலே உட்கார்ந்தவர்கள். கழுதைகள் மூன்று தங்கள் இடத்தில் கிடந்தன. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மணிக்கூண்டின் உச்சியில் கயிற்றில் தொங்கி நின்று பூசிய நாளில்கூட அப்படி இல்லை. யாராவது ஒருவன், வாசிக்கத் தெரியாத ஒருவன், பறந்து வந்தால்?

ஐயா பூட்டைத் திறந்தார். அக்கா வெளியே வந்து வளைவின் ஓரத்தில் நின்றார். கோயில் மணி அடித்தது.

பாலத்துப் பக்கம் இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். நல்ல வேகம். வளைவுக்கு வந்தது. சிவப்பைக் கண்டது. வேகம் இறங்கியது, இன்னும் இறங்கியது, கடைசியில் அக்காவுக்கு நாலு முழத்தில் நின்றே விட்டது. ஓட்டிவந்தவர் வெளியூர் ஆள். ஹெல்மெற்றைக் கழற்றிப் பலகையை ஆறுதலாக வாசித்தார். பிறகு கேற்றடியில் நின்ற ஐயாவைப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்:

"ஐயா, கழுதை எங்க நிக்குது?"

அக்கா றோட்டின் நடுவில், ஒரு காலை எடுத்து வைத்தபடி நின்றார். ஐயா பலகையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி வைத்துக்கொண்டு, கச்சேரிக் குரலில் சொன்னார்:

"வீட்டுக்குள்ளதான் நிக்குது. நான்தான். நீர் மெதுவாப் போம், மனுசி கடக்கட்டும்."

அந்த ஆள் சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி, "வாங்கோ அம்மா," என்று அக்காவுக்கு ஒரு கையைக் காட்டினார். அக்கா தாண்டிப் போனார். கடையடியில் நின்று திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." என்று எண்ணத் தொடங்கினார். நூற்றிருபதில் கோயில் வாசல். நானா அன்றைக்குத் தேத்தண்ணிக்கு ஒருவரிடமும் ஒன்றும் வாங்கவில்லை.

பூட்டு அதற்குப் பிறகு கேற்றில் ஏறவில்லை. பலகையும் இறங்கவில்லை. ஓட்டோக்காரர் அந்த இடத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: கவனத்தடி. "கவனத்தடியில இறக்குங்கோ" என்றால் போதும். அங்கே வந்தால் எல்லோருக்கும் ஒரு பணிவு வந்துவிடும். ஹோர்ன் அடிக்க மாட்டார்கள், ஆள் நின்றால் விட்டுக்கொடுப்பார்கள். ஐயா சொன்ன "தயவுசெய்து" பலகையில் இல்லை. ஆனால் றோட்டில் இருந்தது.

இரண்டு வருடம் போனது. ஐயாவின் கடிதங்களுக்கும் பலன் கிடைத்தது. கந்தோரிலிருந்து வந்து, இரும்புத் தூண் நட்டு, மஞ்சள் நிறத்தில் கழுதைப் படம் போட்ட ஒரு பலகை வைத்தார்கள். "அவதானம், கழுதைகள் நடமாடும் பகுதி" என்று மூன்று மொழியிலும் இருந்தது. நல்ல பலகை, குறை சொல்ல மாட்டேன். தூண் மட்டும் ஒரு விரல் கிழக்கே சாய்ந்திருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் தூக்குக்குண்டு பிடித்திருப்பேன். கதிரை போட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஐயாவுக்கு மாலை போட்டார்கள். அயராமல் எழுதிய கரம் என்று சொன்னார்கள். கந்தோருக்கு நன்றி, கோயிலுக்கு நன்றி, கதிரை தந்தவருக்கு நன்றி. நான் முன்வரிசையில், சலவைச் சட்டையோடு, எழும்ப வசதியாகக் கதிரை நுனியில் இருந்தேன். கூட்டம் முடிந்துவிட்டது. நான் எழும்பத் தேவையே வரவில்லை.

அக்கா மட்டும் கேட்டார், "மேசன்ர பலகை எங்க?" என்று. ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்த சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. என் பலகையை முதல் நாளே கழற்றியிருந்தார்கள். நான் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டேன். இப்போது அது என் கோழிக்கூட்டுக்குக் கதவு. கோழிகளும் மெதுவாகத்தான் வெளியே வருகின்றன.

இதை நான் என் கையால் எழுதி, எழுத்துப் பிழை பார்க்கக் கிளாக்கர் ஐயாவிடமே கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? சிவப்பு மையால் நிறையத் திருத்தித் தந்தார். திங்கட்கிழமை விடியற்காலையை எழுதிய இடத்தில் மட்டும், ஓரத்தில் பென்சிலால், "இதைத் தவிர்க்கலாமே" என்று எழுதியிருந்தார். நான் தவிர்க்கவில்லை. அந்த ஒழுங்கையில் அன்றைக்கு அவர் சொன்னதைப் போல ஒரு வார்த்தையை வேறு எவரும் சொன்னதில்லை. அது அவருக்குச் சேர வேண்டிய பேர், அவருக்குக் கொடுத்துவிட்டேன். "க" அக்காவுடையது, அதையும் கொடுத்துவிட்டேன். "ழு" சைக்கிள் கடைக்காரருடையது.

மீதி என்னுடையது. பலகை, பெயின்ற், நாலு ஆணி, அடித்த இடம், இரண்டு வருடம் ஒருவருக்கும் ஒரு கீறல் விழாத வளைவு. ஆகவே கந்தோர்க்காரருக்கும் ஒழுங்கைக் கூட்டத்தாருக்கும் சேர்த்துக் கேட்கிறேன்: அந்த மஞ்சள் பலகைக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன். அதில் "முதல் பலகை அடித்தவர் இந்த ஒழுங்கை மேசன்" என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். பெயர் வேண்டாம், மேசன் என்றால் ஊருக்குத் தெரியும். எழுத ஆள் இல்லை என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். அந்த வரியில் எனக்குப் பிழைக்கிற எழுத்து இரண்டோ மூன்றோதான் இருக்கிறது. ஐயா கடதாசியில் எழுதித் தந்தால், பெயின்றோடு நாளைக்கு விடியவே நான் வருவேன். வரும்போது அந்தத் தூணையும் நிமிர்த்திவிடுகிறேன்.